ஃபுஜி ராக்கில் கூடாரம் போட்டுத் தங்க: சிங்கப்பூரிலிருந்து கிளம்புவோருக்கு முழு வழிகாட்டி

நமக்குப் பழக்கமான திறந்தவெளிக் கச்சேரி பாடாங்கிலோ ஃபோர்ட் கேனிங்கிலோ நடக்கும். மழை வந்தால் நனைவோம், கடைசிப் பாட்டு முடிந்ததும் எம்ஆர்டி பிடித்து வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்துவிடுவோம். ஜப்பானின் மலைப்பகுதியில் நடக்கும் இசை விழாவான ஃபுஜி ராக் அப்படி இல்லை. அங்கே நனைந்தால், நனைந்த உடம்போடு ஒரு மலைச்சரிவில் கூடாரத்துக்குள் போய்ப் படுக்க வேண்டும், மறுநாள் காலையில் அதே ஈரச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும், அதுவும் அடுத்தடுத்து நான்கு இரவு. அதனால் எந்தக் குழுவை எந்த மேடையில் பார்ப்பது என்பதைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. ராத்திரி காய்ந்த இடத்தில் தூங்குவதற்கு என்னென்ன தேவையோ அதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதையெல்லாம் அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள் என்பதுதான் என் கட்சி. தூக்கம் சரியாக இருந்தால் பாட்டு தானாக நன்றாக இருக்கும்.

இடமும் காலமும்

முதல் விழா 1997-இல் ஃபுஜி மலை அடிவாரத்தில் நடந்தது. சூறாவளி வந்து இரண்டாம் நாளையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. மறு ஆண்டு தோக்கியோவில் நடத்தினார்கள். 1999 முதல் நீகாட்டா மாநிலத்தின் நயேபா பனிச்சறுக்கு மையத்தில்தான் நடக்கிறது, பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெயரை நம்பி ஃபுஜி மலைப் பக்கம், கவாகுச்சிகோவில் அறை எடுத்துவிடாதீர்கள். அங்கிருந்து நயேபா போக அரை நாள் ஓடிவிடும்.

ஜூலை கடைசி வாரத்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விழா. வியாழன் இரவு முன்னோட்டக் கொண்டாட்டம் உண்டு, அதற்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை, ஊர்க்காரர்களும் வந்து போன் ஒதோரி நடனம் ஆடுவார்கள், வாணவேடிக்கை இருக்கும். சிங்கப்பூரில் இது பள்ளி நடக்கும் நேரம், ஜூன் விடுமுறை முடிந்திருக்கும், ஆகவே பிள்ளைகளோடு போக நினைப்பவர்கள் அதை யோசித்துக்கொள்ளுங்கள். தேசிய சேவை முடித்த ஆண்கள் ஐசிடி ராணுவப் பயிற்சி அழைப்பு அந்த வாரத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஜூலை கடைசி எப்போதுமே ஆடி மாதம். விழாவின் முதல் நாளே ஆடி வெள்ளி. வீட்டில் அம்மா ஏதாவது சொல்வார், அதற்கும் பதில் தயார் செய்துகொள்ளுங்கள்.

குளிரும் மலையும் ஒத்துவராது என்றால் கூச்சிங் பக்கம் சந்துபோங் மலை அடிவாரத்தில் நடக்கும் மழைக்காட்டு உலக இசை விழா இருக்கிறது. விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், நம் ஊர் வெப்பம்தான், தங்க விடுதிகளும் பக்கத்திலேயே உண்டு. டிசம்பரில் பட்டாயா அருகே வொண்டர்ஃபுரூட் விழா நடக்கிறது, அதிலும் கூடாரம் போடலாம். கீழே சொல்வதில் பாதி அவற்றுக்கும் பொருந்தும்.

சீட்டு வாங்கும் வரிசை

விழாச் சீட்டு வேறு, முகாம் சீட்டு வேறு. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். முகாம் சீட்டு கூடாரத்துக்கு ஒன்று அல்ல, ஆளுக்கு ஒன்று. நான்கு பேர் ஒரே கூடாரத்தில் படுத்தாலும் நான்கு சீட்டு வேண்டும். ஒருமுறை வாங்கினால் எல்லா இரவுக்கும் சேர்த்துத்தான். மூன்று நாள் விழாச் சீட்டு 50,000 யென்னுக்கு மேல் போகும். கலைஞர் பட்டியல் முழுதாக வெளிவருவதற்கு முன்பே முன்கூட்டிய விற்பனை தொடங்கிவிடும், விலையும் அப்போதுதான் குறைவு. யார் பாடுகிறார் என்று தெரியாமல் இவ்வளவு பணமா என்று தயங்குவது நியாயம்தான், ஆனால் ஒரே ஒரு பாடகருக்காக இத்தனை தூரம் போகிறவருக்கு இந்தப் பயணம் சரிவராது, அவர் தோக்கியோவில் தனிக் கச்சேரிக்குப் போவது மேல்.

வரிசை இதுதான்: விழாச் சீட்டு, முகாம் சீட்டு, விமானம், விடுப்பு. விடுப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். புதன் இரவு கிளம்பி, செவ்வாய் திரும்புவதுபோல் எடுங்கள். ஞாயிறு நள்ளிரவு முடிகிற விழாவிலிருந்து திங்கள் காலை விமானம் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை.

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை பார்ப்பவர்கள் விசா எடுத்தாக வேண்டும், அதைச் சீட்டு வாங்கிய கையோடு பார்த்துவிடுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது சூறாவளியால் விமானம் தாமதமானால் ஈடு உண்டா என்று ஒரு வரி தேடிப் படியுங்கள், ஜூலை கடைசி அந்தப் பருவத்துக்குள்தான் வருகிறது.

யாரோடு போவது

இரண்டு பேர் அல்லது நான்கு பேர். மூன்று பேராகப் போனால் ஒருவர் எப்போதும் தனியாகச் சாமான் பார்த்துக்கொண்டிருப்பார். குறட்டை விடுகிறவர் யார், விடியும்வரை ஆடுகிறவர் யார், பத்து மணிக்கே படுக்கிறவர் யார் என்பதை முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இரண்டு சின்னக் கூடாரம் ஒரு பெரிய கூடாரத்தைவிட நல்லது, சரிவில் பெரிய கூடாரத்துக்கு இடம் கிடைப்பதே பாடு.

கூடாரம், படுக்கை, மழை உடுப்பு

பணத்தை எங்கே செலவழிப்பது என்றால் இங்கே.

கூடாரம் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும், உள்ளே வலைத்துணி, வெளியே தரைவரை இறங்கும் மழை விரிப்பு. ஈஸ்ட் கோஸ்ட்டில் வார இறுதியில் பார்க்கிறோமே, தூக்கி எறிந்தால் தானாக விரியும் கூடாரம், அது வெயிலுக்குத்தான் சரி. பலவற்றில் ஒற்றை அடுக்குதான், மூச்சுக்காற்றின் ஈரமே உள்பக்கம் படிந்து விடியற்காலையில் சொட்டும். வாங்கும்போது நீர்த்தடுப்பு அளவு மில்லிமீட்டரில் போட்டிருக்கும். வெளிவிரிப்புக்கு 2,000-க்கு மேல், தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதல் என்று பார்த்து எடுங்கள். 'இரண்டு பேருக்கு' என்று எழுதியிருந்தால் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துப் படுக்கலாம் என்று பொருள், பைகளுக்கு இடம் இருக்காது. எனவே இருவருக்கு மூவர் கூடாரம்.

கூடவே ஒரு தரைவிரிப்பு. பீச் ரோடு கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தின் மாடியில் ஆர்மி மார்க்கெட் இருக்கிறது, ராணுவத்தில் தந்தார்களே அதே கிரவுண்ட் ஷீட் அங்கே கிடைக்கும். கூடாரத்துக்கு அடியில் விரிக்கும்போது அதன் ஓரம் கூடாரத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரைப் பிடித்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். கூடாரத்தோடு வரும் கம்பி ஆணிகளை நம்ப வேண்டாம், கெட்டியான ஆணி எட்டு பத்து தனியாக வாங்குங்கள், இழுப்புக் கயிறும் கொஞ்சம் கூடுதலாக.

நயேபா ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 30 டிகிரிகூடப் போகும், ராத்திரி 15 டிகிரி பக்கம் இறங்கிவிடும். ஏசி அறையில் போர்வையோடு படுக்கிறோமே என்று நினைப்பீர்கள். ஏசி அறையில் தரை ஈரமாக இருப்பதில்லை, குளிர் கீழிருந்து ஏறுவதில்லை. 10 முதல் 15 டிகிரிவரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக் போதும், ஆனால் அதற்கு அடியில் பாய் கட்டாயம். மடிக்கும் ஃபோம் பாய் கனமில்லை, ஓட்டை விழாது. காற்றடைக்கும் மெத்தை சொகுசு, ஆனால் சரிவில் வழுக்கும்.

மழை உடுப்பில் மேலாடை, கால்சட்டை இரண்டும் வேண்டும். பத்து வெள்ளி பிளாஸ்டிக் போன்ச்சோ ஒரு மணி நேர மழைக்குத் தாங்கும், மூன்று நாள் மழைக்கு உள்ளே வேர்த்தே நனைந்துவிடுவீர்கள். காற்றுப் போகிற, தையல்களில் நாடா ஒட்டிய ஜாக்கெட் வாங்குங்கள், டெக்கத்லானில் நடுத்தர விலையில் இருப்பதே போதும். குடையை மறந்துவிடுங்கள், கூட்டத்தில் குடை விரிக்க விடமாட்டார்கள், பின்னால் இருப்பவர் எதைப் பார்ப்பார்?

காலுக்கு என்ன? ஜப்பான்காரர்களைப் பார்த்தால் பாதிப் பேர் ஒரே மாதிரி ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார்கள். ஜப்பான் காட்டுப் பறவைகள் சங்கம் பறவை பார்க்கப் போகிறவர்களுக்காக விற்கும் நீளமான பூட்ஸ் அது, மென்மையான ரப்பர், சுருட்டிப் பைக்குள் வைத்துவிடலாம். இசை விழாவுக்குப் போகிறவர்களிடையே அது அவ்வளவு பிரபலம். தோக்கியோவில் ஒரு நாள் தங்குவதாக இருந்தால் அங்கேயே வாங்கலாம். இல்லாவிட்டால் நீர் புகாத மலையேற்றச் சப்பாத்து. எதுவானாலும் முகாமுக்குள் போட ஒரு சிலிப்பர் வேண்டும், காலுறை நான்கைந்து ஜோடி வேண்டும். பருத்திக் காலுறை வேண்டாம், நனைந்தால் காயாது.

எல்லாத் துணியையும் ஜிப் பைகளில் போட்டுக் காற்றை வெளியேற்றி அடுக்குங்கள். ராணுவத்தில் அவுட்ஃபீல்டு பயிற்சிக்குப் போய்வந்த ஆண்களுக்கு இது கை தானாகச் செய்யும் வேலை, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். தூங்கும்போது போடுவதற்கென்று ஒரு செட், அதை மழையில் கூடாரத்தைவிட்டு வெளியே கொண்டுவரவே கூடாது. எத்தனை ஈரமானாலும் ராத்திரி மாற்றிக்கொள்ள அது ஒன்று காய்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் கறாராகப் பிடியுங்கள்.

தலையில் மாட்டும் விளக்கு, காதடைப்பான், கண்பட்டை, கால் பவுடர், கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், கோடாலித் தைலம், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி, குப்பைப் பை, துணி காயப்போடக் கயிறு. இதெல்லாம் முஸ்தஃபாவில் ஒரே நடையில் முடிந்துவிடும்.

விமானத்தில் ஏற்றக் கூடாதவை

கேஸ் குப்பி எந்தப் பையிலும் போகாது. அடுப்பே வேண்டாம் என்பது என் யோசனை, விழாவில் உணவுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைத்தால் தீ மட்டும் அல்ல, கார்பன் மோனாக்சைடும் ஆளைக் கொல்லும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-மணி வரை பிரச்சினை இல்லை, அதாவது சுமார் 27,000 மில்லி ஆம்பியர் மணி. கூடார ஆணிகளைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பிப் பிளக்.

இறைச்சி எந்த வடிவத்திலும் கொண்டுபோகாதீர்கள். பக்குவா, கோழித்துருவல், கோழிக்கறி போட்ட பாக்கெட் உணவு, எல்லாமே தடை, நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும். மருந்திலும் கவனம் வேண்டும். சளிக்கு இங்கே சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும், அது 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வையுங்கள்.

போதைப்பொருள் பற்றி ஒரே வாக்கியம்: சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். மது என்றால் ஜப்பானில் 20 வயது ஆகியிருக்க வேண்டும், நம் ஊர் 18 அங்கே செல்லாது.

ஒத்திகை

முதலில் வீட்டு ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டுக் கூடாரத்தைப் போட்டுப் பாருங்கள். கம்பி எது எதில் நுழைகிறது, வாசல் எந்தப் பக்கம் வருகிறது என்று கைக்குப் பழக வேண்டும். மழையில், இருட்டில், பக்கத்தில் ஆட்கள் நடந்துகொண்டே இருக்கும்போது குறிப்புத்தாளைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. அப்புறம் ஒரு ராத்திரி ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ பாசிர் ரிஸ்ஸிலோ தங்குங்கள், அதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் முகாம் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். மணலில் ஆணி நிற்காது என்பதால் புல்தரையில் போடுங்கள். அந்த ராத்திரி மழை பெய்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், எந்தத் தையல் ஒழுகுகிறது என்று ஓசியில் தெரிந்துவிடும்.

முழுப் பையையும் முதுகில் போட்டுக்கொண்டு உங்கள் புளோக்கின் படிக்கட்டில் பத்து மாடி ஏறுங்கள். ஏற முடியவில்லை என்றால் பையிலிருந்து எதை எடுப்பது என்று அங்கேயே முடிவாகிவிடும். சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம், புல்லிலும் சரளைக்கல்லிலும் அதை இழுப்பது கொடுமை. ஜப்பானைச் சுற்றிப் பார்க்கப் பெரிய பெட்டியும் கொண்டுபோகிறீர்கள் என்றால் விமான நிலையத்திலேயே தக்யூபின் என்னும் பெட்டி அனுப்பும் சேவையில் கொடுத்துவிடுங்கள், நீங்கள் பின்னால் தங்கப்போகும் விடுதிக்கு அதுவாகப் போய்ச் சேரும்.

போகும் நாள்

சாங்கியிலிருந்து தோக்கியோ ஏறக்குறைய ஏழு மணி நேரம். புதன் நள்ளிரவு விமானம் பிடித்தால் வியாழன் காலை இறங்கிவிடலாம், நேர வித்தியாசம் ஒரு மணிதான். தோக்கியோ நிலையத்திலிருந்து ஜோயெட்சு ஷின்கான்சென் ரயிலில் எச்சிகோ-யுசாவா, ஒன்றேகால் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து விழாப் பேருந்து முக்கால் மணி நேரம் போல ஓடும், ஆனால் வரிசையில் நிற்பது அதைவிட நீளலாம். வியாழன் மதியம் வரிசை சின்னது, வெள்ளி காலை பெரியது.

ரயில் சீட்டில் ஒரு கணக்கு. சுற்றுப்பயணிகளுக்கான தோக்கியோ வைடு பாஸ் எச்சிகோ-யுசாவாவரை செல்லும், மலிவு என்று பலர் பரிந்துரைப்பார்கள். ஆனால் அது அடுத்தடுத்த மூன்று நாளுக்குத்தான். வியாழன் போய்த் திங்கள் திரும்பினால் ஐந்து நாள். திரும்பும் பயணம் அதற்குள் அடங்காது, ஆகவே தனித்தனிச் சீட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இடம் பிடிப்பது

முகாம் திடல் ஒரு கோல்ஃப் மைதானம், வியாழன் நண்பகல் வாக்கில் திறப்பார்கள். இடம் ஒதுக்கீடு கிடையாது, முதலில் வருபவருக்கு முதலிடம். சமதரை கொஞ்சம்தான், அது வியாழன் மாலைக்குள் தீர்ந்துவிடும், பிறகு வருகிறவர்களுக்குச் சரிவுதான் மிச்சம். வியாழனே போய்விடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் வாணவேடிக்கை அல்ல, இந்தச் சமதரைதான்.

வாசலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள், விடிய விடிய ஆட்கள் உங்கள் கயிற்றில் தடுக்கிக்கொண்டே இருப்பார்கள். கழிப்பறை இரண்டு நிமிட நடையில் இருக்கட்டும், அதற்குக் கீழ்ப்பக்கத்தில் வேண்டாம். பள்ளமான இடம் பார்க்க மெத்துமெத்தென்று புல்லோடு இருக்கும், மழை பெய்தால் அதுதான் குளம். கொஞ்சம் மேடாகப் பாருங்கள்.

சரிவில் போட வேண்டி வந்தால் தலை மேட்டுப் பக்கம், கால் பள்ளத்துப் பக்கம், குறுக்காகப் படுத்தால் இரவெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் உருண்டுகொண்டிருப்பீர்கள். கால்மாட்டில் பையை அணையாக வையுங்கள். வாசலை மேட்டுப் பக்கம் வைத்தால் ஓடிவரும் தண்ணீர் நேராக உள்ளே வரும், அதனால் வாசல் பள்ளத்துப் பக்கம். எல்லா இழுப்புக் கயிறும் கட்டிவிட்டுத்தான் சுற்றிப் பார்க்கப் போக வேண்டும், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. வெளிவிரிப்பும் உள்வலையும் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது, ஒட்டிய இடத்தில் ஈரம் உள்ளே இறங்கும். ஆயிரக்கணக்கான கூடாரங்களுக்கு நடுவே ராத்திரி உங்களுடையதைக் கண்டுபிடிக்க ஏதாவது அடையாளம் கட்டுங்கள், தேக்காவில் தீபாவளி நேரத்தில் விற்கும் பேட்டரி விளக்குச் சரம் ஒன்று போதும்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை, நயேபா ஷோகுதோ போன்ற ஊர்க் கடைகளில் காளான் சூப்பும் அரிசிச் சோறும் குளிருக்கு அமிர்தம். சைவர்களும் ஹலால் பார்ப்பவர்களும்தான் திட்டமிட வேண்டும். காய்கறிச் சூப் என்று தோன்றுவதிலும் மீன் சாறு இருக்கும், ஜப்பானியக் கறிக் குழம்பில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருப்பது சாதாரணம். 'இறைச்சி இல்லை' என்று கடைக்காரர் சொன்னால் துண்டு இல்லை என்றுதான் பொருள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜப்பானில் மலையேறிகள் வாங்கும் உலர்சோறு பாக்கெட் உண்டு, ஆல்ஃபா ரைஸ் என்பார்கள். வெந்நீர் ஊற்றினால் கால் மணி நேரத்தில் சோறு, வெறும் தண்ணீர் ஊற்றினாலும் ஒரு மணி நேரத்தில் சோறு. வெள்ளைச் சோறு வகையாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டிலிருந்து பருப்புப்பொடி, சின்னப் பாட்டிலில் நல்லெண்ணெய், மாங்காய் ஊறுகாய். மழையில் கூடார வாசலில் உட்கார்ந்து அதைப் பிசைந்து சாப்பிடும்போது வேறு எதுவும் தேவைப்படாது. எண்ணெய்ப் பாட்டிலை மூன்று பைகளுக்குள் கட்டுங்கள். பழம், காய்கறி, கறிவேப்பிலைக் கொத்து எதுவும் கொண்டுபோகாதீர்கள், பயிர்நோய்ச் சான்றிதழ் கேட்பார்கள். ஒனிகிரி என்னும் சோற்று உருண்டை வாங்கினால் உமே, அதாவது ஊறுகாய்ப்பழம் வைத்தது, பெரும்பாலும் பாதுகாப்பு, அப்படியும் உள்ளிருப்புப் பட்டியலை மொழிபெயர்ப்புச் செயலியில் ஒருமுறை காட்டிப் பாருங்கள்.

அன்றாட ஓட்டம்

நம் ஊரில் ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடியும். நயேபாவில் ஜூலை கடைசியில் காலை ஐந்துக்கு முன்பே பளிச்சென்று வெளிச்சம், வெயில் அடித்தால் ஏழு மணிக்குக் கூடாரம் வெந்துவிடும். பாட்டோ சில இடங்களில் விடியற்காலைவரை நடக்கும். இரண்டு பக்கமும் இழுத்தால் தூக்கம் எங்கே வரும்? என் திட்டம் இதுதான்: ஒரு ராத்திரி மட்டும் விடியும்வரை விழித்திருங்கள், மற்ற ராத்திரிகள் பெரிய மேடை முடிந்ததும் படுத்துவிடுங்கள். மதியம் ஒன்று முதல் மூன்றுவரை மரநிழலில் ஒரு தூக்கம் போடுங்கள், கூடாரத்துக்குள் அல்ல.

மேடைகள் ஒரே வரிசையாகப் பள்ளத்தாக்கில் நீண்டு கிடக்கின்றன. வாசல் பக்கம் ரெட் மார்கீ, அடுத்துப் பெரியது கிரீன் ஸ்டேஜ், தள்ளி ஒயிட் ஸ்டேஜ், இன்னும் உள்ளே போனால் ஜிப்சி அவலான், ஃபீல்ட் ஆஃப் ஹெவன். கிரீன் ஸ்டேஜில் 40,000 பேர்வரை கொள்ளும். அது முடிந்து எல்லாரும் ஒரே பாதையில் நகரும்போது ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதனால் பிற்பகல் உள்ளே, இரவு வெளியே என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு நாளில் இரண்டு முறைக்குமேல் பள்ளத்தாக்கைக் கடக்காதீர்கள். நாலு பாட்டுக்காக ஓடிப்போய் நாலு பாட்டுக்காகத் திரும்பி ஓடிவருகிறவர் சனிக்கிழமை மாலையே கால் வீங்கி உட்கார்ந்துவிடுவார். காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை ஒன்று போகிறது, கூட்டம் இல்லாதபோது அதில் நடந்து பாருங்கள். டிராகொண்டோலா என்னும் தொங்கூர்தி ஐந்தரை கிலோமீட்டர் நீளம், அதற்குத் தனிச்சீட்டு, மேலே போகிற இருபது நிமிடமும் காலுக்கு ஓய்வு.

கூட்டத்தில் கைப்பேசி இணைப்பு நம்பத்தக்கதல்ல. பிரிந்தால் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று காலையிலேயே பேசிவையுங்கள். குளிக்க முகாமிலேயே வெந்நீர்க் குளியல் உண்டு, ராத்திரி வரிசை நீளம், பகல் நடுவே போனால் நிம்மதி. பச்சை குத்தியவர்கள் முதலில் விதியைக் கேட்டுவிடுங்கள். மாலையில் முழுக்கால்சட்டை போடுங்கள், மலையோரத்தில் புயோ என்ற குட்டி ஈ கடித்தால் கொசுக்கடியைவிட நாலு மடங்கு வீங்கும். குப்பையைப் பிரித்துப் போடத் தொட்டிகள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் தொண்டூழியர் நின்று வழிகாட்டுவார், எதை எதில் போடுவது என்று கேட்டுப் போடுங்கள். தூய்மையில் நாம் பெருமை பேசுகிற ஊர்க்காரர்கள்தான், ஆனாலும் இத்தனை பேர் தாங்களாகவே இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

பெருமழை வந்தால்

வரும். வராது என்று நினைத்துத் திட்டமிடாதீர்கள். காற்றும் சேர்ந்தால் ஆணிகளை மறுபடி அடித்து, கயிறுகளை இறுக்கி, உள்ளே இருக்கும் பைகளைச் சுவரிலிருந்து நகர்த்தி நடுவில் வையுங்கள். இடி மின்னல் என்றால் மேட்டில் நிற்காதீர்கள், ஒலிபெருக்கி அறிவிப்பு ஜப்பானிய மொழியில் வரும், பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். உள்ளே தண்ணீர் வந்துவிட்டதா, முதலில் ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டிக் குப்பைப் பைக்குள் போடுங்கள், பிறகுதான் தரையைத் துடைப்பது. உடம்பு நடுங்கத் தொடங்கினால் ஈரத்துணியைக் கழற்றிக் காய்ந்ததை மாற்றிச் சூடாக எதையாவது குடியுங்கள், ஆட்டம் ஆடினால் சூடாகிவிடும் என்று நனைந்தபடி நிற்பது அசட்டுத் துணிச்சல்.

திங்கட்கிழமை

எல்லாரும் காலை எட்டு, ஒன்பதுக்குப் பேருந்து வரிசைக்கு வருவார்கள். ஆறு மணிக்கே மூட்டை கட்டுங்கள், அல்லது நிதானமாகப் பத்துக்கு மேல் போங்கள், நடுவில் மாட்டாதீர்கள். எச்சிகோ-யுசாவா வெந்நீரூற்றுக்குப் பேர்போன ஊர், நிலையத்துக்குள்ளேயே குளிக்க இடம் இருக்கிறது. குளித்துவிட்டு ரயிலேறினால் பக்கத்து இருக்கைக்காரர் வாழ்த்துவார்.

கூடாரம் ஈரமாகத்தான் மடங்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தோக்கியோ விடுதியில் குளியலறைக் கம்பியில் வெளிவிரிப்பையாவது தொங்கவிடுங்கள். சிங்கப்பூர் திரும்பியதும் அன்றைக்கே பையிலிருந்து எடுத்துவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஈரக்கூடாரம் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து நாறும். சேற்றை ஈரத்துணியால் துடைத்து, துணி காயப்போடும் கம்பில் நிழலாகப் பார்த்து விரித்து, தையல் ஓரங்கள்வரை காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்தபிறகு மடியுங்கள். வாஷிங் மெஷினில் மட்டும் போட்டுவிடாதீர்கள், நீர்த்தடுப்புப் பூச்சு உரிந்துவிடும், அடுத்த ஆண்டு புதுக்கூடாரம்தான் வாங்க வேண்டிவரும்.